பத்து மணிக்கு வரும் பெண்

ஸ்ரெபானி வாசலில் குனிந்து சப்பாத்துகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அது ஒரு சாட்டுத்தான். அவள் வந்து நின்றது தெருவைப் பார்க்க. இருபது சோடி சப்பாத்துகளை இரண்டு தரம் அடுக்கியாயிற்று. பத்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. தெருமுனையில் கார் ஒன்று திரும்பும் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்த்தாள்.

அப்பா குருசுமுத்து ஞாயிற்றுக்கிழமை குளியலறையில் விழுந்தவர், பிறகு எழும்பவேயில்லை. இன்று வியாழன். உடம்பு ஆஸ்பத்திரியில் கிடக்கிறது, சனிக்கிழமை அடக்கம். டென்மார்க்கின் இக்காஸ்ட்டில் செத்தவீடென்றால் மாலையில் மட்டும் செபமாலை என்று நினைத்துவிடக் கூடாது. பின்னேர ஷிப்ட்காரருக்குக் காலையில்தான் நேரம் கிடைக்கும். ஆகவே பத்து மணிக்கு ஒன்று, இரவு ஏழு மணிக்கு ஒன்று.

அந்தப் பாழாய்ப்போன பத்து மணிக்குத்தான் அந்த அதிகாரிப் பெண்ணும் வரப்போகிறாள்.

நேற்றுப் பின்னேரம், பெட்டிக்குள் அப்பாவுக்குப் போடவிருக்கும் கோட்டை அயன் பண்ண எடுத்தபோது, உட்பையில் ஏதோ தடிப்பாகத் தட்டுப்பட்டது. நாலாக மடித்த கடிதம். மூன்று வருட வீட்டு வரி கட்டவில்லை, வட்டியோடு முப்பத்தெட்டாயிரம் குரோணர், வியாழன் காலை பத்து மணிக்குப் பெண் அதிகாரி ஒருவர் வருவார், பெறுமதியான சாமான்கள் எழுதி எடுக்கப்படும். பான்ரபோகெட். கடனுக்கு வீட்டுக்குள் வந்து சாமான் எழுதிக்கொண்டு போகிற அரச அதிகாரி. ஸ்ரெபானி போன் எடுத்துப் பார்த்தாள். அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள். இன்று காலையில் எடுக்கலாமென்றால், விடிந்ததிலிருந்து தனியாக நிற்க ஒரு மூலை கிடைக்கவில்லை.

அப்பாவா? நகரசபையான கொம்யூனிலிருந்து யாருக்குக் கடிதம் வந்தாலும் இந்த வீட்டுக்குத்தானே கொண்டுவருவார்கள்! "பயப்பிடாதையுங்கோ, முதல்ல உடைச்சுப் பாருங்கோ" என்று ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன மனுசன். தோள்மூட்டு நோவென்று தொழிற்சாலையில் வேலைநேரத்தைக் குறைத்தபோதும் காசு போதவில்லையென்று வாயே திறக்காமல் இருந்திருக்கிறார். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. செத்துப்போனவரோடு கோபிக்கிறேனே என்று பிறகு அழுகையும் வந்தது.

அம்மாவுக்குத் தெரியக் கூடாது. நாலு நாளாக ஒழுங்காகச் சாப்பிடாத மனுசி, இதையும் கேட்டால் தாங்கமாட்டா. சனங்களுக்கும் தெரியக் கூடாது. உள்ளே மகேந்திரராசா அங்கிள் இருக்கிறார். அவர் காதில் விழுந்தது பக்கத்து ஊர் ஹேர்னிங் வரைக்கும் போக அரை மணித்தியாலம் போதும். கார் கதவடியில் வைத்தே அந்தப் பெண்ணை மறித்துத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

"பிள்ளை, சீனி எங்கை வைச்சிருக்கிறியள்?" குசினிக்குள்ளிருந்து மார்கிரட் அன்ரி கூப்பிட்டா.

ஓடிப்போய் அலுமாரியைத் திறந்து சீனியை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். ஒரு நிமிடம்கூட ஆகியிராது. அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. மகேந்திரராசா அங்கிள் நாற்பது வயது மதிக்கத்தக்க டெனிஷ் பெண்ணொருத்தியைக் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே கூட்டிக்கொண்டு வந்தார். சாம்பல் நிற ஜக்கற், தோளில் தோல் பை, காலில் காலுறை மட்டும். சப்பாத்தைக்கூடக் கழற்ற வைத்துவிட்டார்!

"குருசுமுத்து அண்ணையின்ர வேலைத்தலத்து ஆள். அரக்கி இருங்கோ, இடம் விடுங்கோ" என்றார் சனத்தைப் பார்த்து.

அந்தப் பெண் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டப் போனாள். அப்போதுதான் மேசையில் மாலை போட்ட படத்தையும் எரிகிற மெழுகுதிரியையும் கண்டாள். கை அப்படியே நின்றுவிட்டது. ஸ்ரெபானி சனத்துக்கிடையில் புகுந்து போய் அவள் காதோடு டெனிஷில் சொன்னாள்.

"அப்பா ஞாயிற்றுக்கிழமை இறந்துவிட்டார். கடன் விஷயம் இங்கே ஒருவருக்கும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. தயவுசெய்து."

அவள் ஸ்ரெபானியைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். பிறகு அட்டையை மெல்ல ஜக்கற்றுக்குள் விட்டு சிப்பை இழுத்து மூடினாள். போய்விடலாமென்றுதான் திரும்பினாள், பாவம். ஆனால் வழி முழுக்கச் சனம். மூலையிலிருந்து அம்மா விக்ரோரியா தன் பக்கத்துக் கதிரையைத் தட்டிக் காட்டினா. மார்கிரட் அன்ரி தேத்தண்ணியையும் பற்றிஸையும் கையில் திணித்துவிட்டு, சிலுவை அடையாளம் போட்டு, செபமாலையின் துக்கக் காரணிக்கங்களைத் தொடங்கிவிட்டா.

ஐம்பத்து மூன்று அருள் நிறைந்த மரியே. ஸ்ரெபானிக்கு ஒன்றுகூட மனதில் ஏறவில்லை. அந்தப் பெண்ணின் கண் போகும் இடமெல்லாம் அவள் கண்ணும் போனது. ரீவியைப் பார்க்கிறாளா? தையல் மெஷினைப் பார்க்கிறாளா? அம்மாவின் கழுத்துச் சங்கிலியையா? மாதாவே, ஒன்றும் எழுதாமல் போகட்டும். பை அவள் மடியிலேயே கிடந்தது. அதன்மேல் பற்றிஸ் தட்டை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

செபமாலை முடிந்ததும் அங்கிள் விட்டாரா? டெனிஷில் தொடங்கிவிட்டார்.

"நீங்கள் எந்தப் பகுதியில் வேலை?"

ஸ்ரெபானி இடையில் புகுந்து பேச எழும்பினாள்.

"அலுவலகத்தில்" என்றாள் அந்தப் பெண்.

அம்மா அவளுடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்து, "தக்" என்று நன்றி சொன்னா. பிடித்த கையைக் கொஞ்ச நேரம் விடவில்லை.

வெளியே காரடியில் நின்று அந்தப் பெண் ஸ்ரெபானியோடு தாழ்ந்த குரலில் கதைத்தாள். "இன்று நான் எதையும் எழுதவில்லை. இறந்தவருடைய கடன் இனி வேறு வழியாகத்தான் போகும். அம்மாவின் பெயருக்குக் கடிதம் வரும். எதிலும் கையெழுத்து வைக்க முதல் விபரம் தெரிந்த ஒருவரிடம் கேட்கச் சொல்லுங்கள்." கதவைத் திறந்தவள் திரும்பிப் பார்த்து, "அப்பாவுக்காக வருந்துகிறேன்" என்றாள்.

சனம் கலைய பதினொன்றரை ஆகிவிட்டது. இரண்டு மணிக்கு அப்பாவுக்குப் போடும் உடுப்பை எடுத்துப்போக ஆள் வரும். மிச்ச அயனை முடிக்கவென்று அறைக்குப் போன ஸ்ரெபானி வாசலிலேயே நின்றுவிட்டாள். அயன் பலகையில் கோட்டு விரிந்து கிடந்தது. அம்மா அதன் உட்பைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தா.

"என்னம்மா தேடுறீங்கள்?"

"ஒண்டுமில்லை." கையை மட்டும் எடுக்கவில்லை.

ஸ்ரெபானி ஜீன்ஸுக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்துப் பலகையில் வைத்தாள்.

"நீங்களோ இதுக்குள்ள வைச்சனீங்கள்?"

அம்மா கடிதத்தைப் பார்த்தபடியே சொன்னா. "அவரோடயே போகட்டும் எண்டு வைச்சனான். எந்த நாளும் நான்தானே அயன் பண்ணுறனான். நீ எடுப்பாய் எண்டு ஆர் கண்டது?"

"அப்ப அந்த மனுசி வாறது..."

"மகேந்திரராசா அண்ணையிட்டை நான்தான் சொன்னனான். இண்டைக்கு வேலைத்தலத்திலை இருந்து ஒரு ஆள் வரும், கேள்வி கேக்காமல் உள்ளை கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டு. ஆர் வந்தாலும் வாசல்ல நிண்டு அவற்ற பேரைச் சொல்லிக் கடன் கேக்கப்படாது. அவ்வளவுதான்."

தானும் அம்மாவும் ஒரே கடிதத்தை ஒருவருக்கொருவர் ஒளித்துத் திரிந்ததை நினைக்க, ஸ்ரெபானிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"வந்த அண்டைக்கே. அவர் அதை உடைக்காமல் பத்திரங்களுக்குக் கீழை ஒளிச்சவர். நான் அண்டைக்கே மெல்ல உடைச்சுப் பாத்திட்டு அப்பிடியே வைச்சிட்டன். கண்டும் காணாத மாதிரி இருந்தனான். ரோசக்காரன் எல்லோ, நோகும் எண்டு." அம்மாவின் குரல் இறங்கியது. "கேட்டிருக்கலாம், பிள்ளை. ஒரு வார்த்தை கேட்டிருந்தா மனுசன்ர நெஞ்சு கொஞ்சமாவது லேசாகியிருக்கும்."

ஸ்ரெபானி அம்மாவின் தோளைப் பிடித்தாள். சொல்லாமலிருக்கவும் முடியவில்லை.

"மண்ணுக்குள்ள தாட்டாலும் அது போகாதம்மா. இனி உங்கட பேருக்குத்தான் வரும்."

"வரட்டும்" என்றா அம்மா. "என்ர பேருக்கு வந்தா, வந்த அண்டைக்கே உன்னைக் கூப்பிட்டு வைச்சு உடைப்பன்."

கடிதத்தை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டா. அயனைக் கையில் எடுத்தா. உட்பை இருந்த இடத்தில் கடித மடிப்பின் தடம் நாலு மூலையும் தெரிய அப்படியே பதிந்திருந்தது. அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்து அழுத்தினா. தடம் போகவில்லை. மறுபடியும் தெளித்தா.