கருப்புப் பசையில் வெள்ளைக் கோடு

சங்ககிரியில் இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள் செய்யும் பட்டறையில் தீர்த்தகிரி சூப்பர்வைசர். நாமக்கல் பக்கம் ஒரு குஞ்சுப் பொரிப்பகத்துக்கு அவர் செய்து அனுப்பிய ஜன்னலில், இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே நீர் கோத்துவிட்டதாகப் புகார் வந்தது. புதுக் கண்ணாடியை வேனில் ஏற்றினார். தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டுமென்று பிரவீனாவையும் கூட்டிக்கொண்டார். கண்ணாடிகளைக் கழுவிக் காயவைப்பது பட்டறையில் அவள் வேலை.

பொரிப்பக மேனேஜர் குமாரசாமி ஜன்னலைக் காட்டினார். யாரும் துடைக்க முடியாத உள்பக்கத்தில் நீர்த்துளிகள் வழிந்தன. சேவல், பெட்டை என்று குஞ்சு பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“ஏனுங்க, அதுக்குள்ள இப்படி ஆயிப்போச்சு?”

“கழுவுற எடத்துல ஈரம் காயாம உட்டுட்டாங்க. இந்தப் புள்ளதான்” என்றார் தீர்த்தகிரி. வாயில் வந்துவிட்டது.

எல்லாருடைய பார்வையும் பிரவீனா மேல் விழுந்தது.

பழைய ஜன்னலைக் கழற்றி இறக்கும்போது ஒரு கண்ணாடி மட்டும் நழுவியது. பிரவீனா முட்டியைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். ஓரத்தைச் சுற்றிப் பூசிய பசை ரப்பர் மாதிரி இறுகியிருக்க வேண்டியது, களி மாதிரி இழுபட்டு அவள் கையில் அப்பியது. கருப்பின் நடுவே வெள்ளை வெள்ளையாகக் கோடுகள்.

தீர்த்தகிரி அந்தக் கோடுகளையே பார்த்தார். வெள்ளைப் பசையும் அதை இறுகவைக்கும் கருப்புப் பசையும் மெஷினில் கலந்து வரும். டிரம் மாற்றினால் கொஞ்சத்தைத் தாளில் வைத்து மடித்து அமுக்கிப் பார்க்க வேண்டும். கோடு தெரிந்தால் கலக்கவில்லை என்று அர்த்தம்; பசை இறுகாது, ஈரம் உள்ளே புகுந்துவிடும். இந்த ஜன்னல் செய்த அன்றைக்கு லாரி காத்திருந்தது. டிரம்மை மாற்றிவிட்டுப் பார்க்காமலே பூசியவர் அவர்தான்.

“என்னங்க வெள்ளையா?” என்று கேட்டார் குமாரசாமி.

“ஈரம் பட்டா அப்படித்தானுங்க.”

பிரவீனா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கையைத் துணியில் துடைக்க ஆரம்பித்தாள். பசை போகவில்லை.

புதுசை மாட்டிவிட்டுக் கிளம்பினார்கள். வழியெல்லாம் அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் திட்டியிருந்தாலாவது பரவாயில்லை என்றிருந்தது தீர்த்தகிரிக்கு. திருச்செங்கோடு நெருங்கும்போது வேனை வந்த வழியே திருப்பினார்.

“எங்கீங்க போறீங்க?”

பொரிப்பகத்து வாசலில்தான் அவர் வண்டியை நிறுத்தினார்.

குமாரசாமி ஆபீஸ் அறையில் தனியாக இருந்தார்.

“அந்தப் புள்ள மேல தப்பில்லீங்க. பசை சரியாக் கலக்கல. நாந்தான் பாக்காம உட்டுட்டேன்.”

குமாரசாமி பேனாவை மூடி வைத்தார். “எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆவப்போகுது? அந்தப் புள்ளைகிட்டச் சொன்னீங்களா?”

அறை வாசலில் நின்ற பிரவீனாவுக்கு அது கேட்டது. “எங்கிட்டச் சொல்ல வேண்டாங்க. எனக்குத் தெரியும். குஞ்சு பிரிக்கிற அக்காங்க எல்லாம் கேட்டுட்டு நின்னாங்கல்ல, அங்க வந்து சொல்லுங்க.”

குஞ்சு பிரிக்கும் இடத்தில், குஞ்சுகளின் சத்தத்தில் முதலில் தீர்த்தகிரியின் குரல் யாருக்கும் எட்டவில்லை. மறுபடியும், உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. “கண்ணாடிய இந்தப் புள்ள நல்லாத்தான் கழுவுச்சு. பூசுனது நானு. தப்பு என்னோடதுதானுங்க. பழிய இது மேல போட்டுட்டேன்.”

ஒருத்தி சிரித்தாள். மற்றவர்கள் தலையைக் குனிந்து வேலையைப் பார்த்தார்கள். பிரவீனாவிடம் ‘மன்னிச்சுக்க’ என்று சொல்லத் தீர்த்தகிரி நினைத்தார். சொல்லாமலே வாசலுக்கு நடந்தார்.

வெளியே வந்ததும் பிரவீனா, “நான் பஸ்ஸுல வாரேனுங்க” என்று சொல்லிவிட்டு, ரோட்டைப் பார்த்து நடந்தாள்.