உப்புப் பார்க்காத கஞ்சி

தம்ளர் நடுங்குகிறது, விளிம்பு வரை ஊற்றிய கஞ்சி தளும்பித் தளும்பி விரல் மேல் வழிகிறது, வழிந்ததை நக்கிக்கொண்டே நம்புநாயகி சிரிக்கிறாள், பாத்தியா மதினி, கடல்ல கெடந்த பாசி தம்ளருக்குள்ள வந்தும் அலையை விடமாட்டேங்குது என்கிறாள், அந்தச் சிரிப்பு முத்துராக்குவின் காய்ச்சலுக்குள் வந்து வந்து போகிறது, பாயில் கிடப்பது தான்தானா அவளா, இது எந்த வருஷம், மூன்று நாளாய் அடிக்கிற காய்ச்சலில் ஒன்றும் பிடிபடவில்லை, அடுப்படியில் யாரோ பாசி அலசுகிற சத்தம் மட்டும் கேட்கிறது, நாலு தண்ணி, அஞ்சு தண்ணி, மண் போக அலசுகிற அந்தக் கை அவசரப்படாத கை.

அவசரமே தெரியாதவளாகத்தான் அவள் இந்த வீட்டுக்கு வந்தாள், தம்பி காளிமுத்துவுக்குக் கட்டிவந்த பெண், ராக்குவைவிட ஒன்பது வயது இளையவள், பாம்பன் பக்கத்துக் கடலில் இருவரும் ஒரே வத்தையில், அந்தச் சின்னத் தோணியில், பாசிக்குப் போனார்கள், கண்ணாடியை மாட்டி, விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு ஒன்றாய்க் குதிப்பார்கள், ஜோடி என்றால் ஒருத்தி மூச்சை இன்னொருத்தி எண்ணிக்கொண்டிருக்க வேண்டும், ராக்கு மேலே வந்து வத்தையைப் பிடித்து ஒரு மூச்சு, ரெண்டு மூச்சு, மூன்றாவதற்கு வாயைத் திறக்கும்போதுதான் அவள் தலை தெரியும், அள்ளிய பாசியோடு, சும்மா கொல்லைக்குப் போய்வந்த மாதிரி ஒரு முகத்தோடு, அடியே உனக்கு நெஞ்சா துருத்தியா என்று ராக்கு கேட்டால் அதற்கும் ஒரு சிரிப்பு, பொறாமைதான் வந்திருக்க வேண்டும், வரவில்லையே, பெருமையாகத்தான் இருந்தது, இவள் என் ஜோடி என்று.

அந்த நெஞ்சுக்கா அப்படி ஆனது, மார்கழிப் பனியிலும் வேர்த்து ஊற்றும், மூணு ஆள் சோற்றைத் தின்றுவிட்டு இன்னும் இருக்கா என்பாள், ஆனால் ரவிக்கை தோளில் நிற்காமல் சரியும், கண் ரெண்டும் பிதுங்கி, ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் ஊசி ஒரு பக்கம் நூல் ஒரு பக்கம் போகும், ஒருநாள் தண்ணீருக்குள் போனவள் போன சுருக்கில் மேலே வந்து வத்தையின் விளிம்பைக் கட்டிக்கொண்டு, மதினி, உள்ள குதிரை ஓடுது என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள், ராக்கு கையை வைத்துப் பார்த்தாள், அம்மாடி, இப்போது நினைத்தாலும் உள்ளங்கை அதிர்கிறது.

ரத்தம் எடுத்துப் பார்த்து தைராய்டு என்று சீட்டு கொடுத்தார்கள், பெரிய டாக்டரைப் பார்க்க ராமநாதபுரம் போகச் சொன்னார்கள், போகலாம் போகலாம் என்று நாள் தள்ளியபோதுதான் அந்தக் கூத்து நடந்தது, ஊரில் ஒரு தபால்காரர் சம்சாரத்துக்கு முன்னே கழுத்து வீங்கி, அயோடின் உப்பு சேர்க்கச் சொல்லி அது வற்றிப்போனதை எல்லாரும் பார்த்திருந்தார்கள், தைராய்டுன்னா அயோடின் பத்தலைன்னு அர்த்தம், கடல்பாசியில இல்லாத அயோடினா என்று கரையில் உட்கார்ந்தபடியே வைத்தியம் முடிவாகிவிட்டது, பாசிக்காரிகளில் ஒருத்தி படுத்துவிட்டால் கரையேறுகிற ஒவ்வொருத்தியும் அவள் வாசலில் ஒரு பிடி பாசி வைத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம், அதில் கஞ்சிப்பாசியாகப் பார்த்துப் பொறுக்கிவைத்தார்கள் மற்ற ஒன்பது பெண்களும், ராக்கு அதை அலசி, வெயிலில் வெளுக்கவைத்து, கொதிக்கவிட்டு வடித்து, நொய்யும் தேங்காய்ப்பாலும் ஊற்றிக் காலையில் ஒரு தம்ளர் மாலையில் ஒரு தம்ளர் கொடுத்தாள், நாற்பது நாள், நடுக்கம் கூடக்கூட இன்னும் பத்தவில்லை போல என்று பாசியையும் கூட்டினாள், அவளும் மதினி கொடுக்கிறாளே என்று ஒரு சொட்டு விடாமல் நக்கிக் குடித்தாள், பாவி, பாவி என்று ராக்கு பாயில் புரள்கிறாள், யாரைச் சொல்கிறாள், தன்னைத்தான்.

ஒருவழியாய் ராமநாதபுரம் போனபோது, என்ன சாப்பிடுறீங்க என்று அந்த டாக்டரம்மா சும்மாதான் கேட்டார், ராக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கஞ்சிப்பாசி கணக்கைச் சொன்னாள், எழுதிக்கொண்டிருந்த பேனாவை அந்தம்மா கீழே வைத்துவிட்டார், தைராய்டு சிலருக்குத் தூங்கிப்போகும் அம்மா, இவங்களுக்குத் தலைதெறிக்க ஓடுது, எரியுற அடுப்புல போயி நாற்பது நாளா விறகை அள்ளிப் போட்டிருக்கீங்களே என்றார், இந்த நெஞ்சோட தண்ணிக்குள்ள போனா மேல வரமாட்டீங்க என்று நம்புநாயகியிடம் தனியாகச் சொன்னார், திரும்பி வரும்போது பஸ்ஸில் ராக்கு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழ, நோயாளியே அவளுக்கு வெள்ளரிப்பிஞ்சு வாங்கிக் கொடுத்துத் தேற்றினாள், நீ காச்சலைன்னா நானே காச்சிக் குடிச்சிருப்பேன் மதினி, விடு, நான் மறுபடி கடல்ல எறங்கணும், அதுக்கு என்ன வழியோ அதைப் பாப்போம்.

வழி என்பது சில மாதம் மாத்திரை, பிறகு மதுரையில் ஒரே ஒரு வாய் மருந்து, அந்த மருந்தும் அயோடின்தானாம், ஆனால் கழுத்துக்குள் போய் அடங்காததை அடக்குகிற அயோடின், கழுத்து பட்டினி கிடந்தால்தான் அதை ஆசையாய் இழுத்துக்கொள்ளும், ஆகவே அதற்கு முன்னால் பதினாலு நாள் பாசி கூடாது, மீன் கூடாது, கருவாடு கூடாது, பால் கூடாது, முட்டை கூடாது, டாக்டரம்மா எழுதிக்கொடுத்த அயோடின் கலக்காத உப்பைத் தவிர வேறு உப்பு கூடாது, ஒருநாள் பத்தியம் தவறினாலும் மறைக்காமல் சொல்லணும் என்றார்கள், கடற்கரையில் குடியிருக்கிறவளிடம் இதைச் சொல்வது லேசா, காற்றே கருவாடாய் மணக்கிற ஊர், காளிமுத்து அவள் பார்க்கும்படி மீன் தின்ன மனசில்லாமல் அக்கா வீட்டில் வந்து தின்றான், அது தெரிந்ததும் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தானே சீலா மீனை அறுத்துக் குழம்பு வைத்துப் போட்டாள், ருசி பார்க்காமல், கொதிக்கிற வாசனையை மோந்தே உப்பும் புளியும் அளந்து, எதிரில் உட்கார்ந்து தன் தட்டில் சோறும் கத்தரிக்காயும் பிசைந்து தின்றாள், அப்பாவோட நாக்கு நோய்வாய்ப்படலையே மதினி என்றாள், பிள்ளைகளின் அப்பனை அப்படித்தான் சொல்வாள், அரைச் சுளிப்புகூட அந்த முகத்தில் இல்லை, ராக்குதான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அத்தோடு நின்றிருக்கலாம், ஒன்பதாம் நாள் அவளுக்குச் சளி பிடித்துச் சோறு இறங்கவில்லை, வெறும் முருங்கைக்கீரையையும் பருப்பையும் பார்த்து அவள் முகம் சுண்டியது, பசியோடு முகம் சுண்டினால் எந்த நாத்தனாருக்குத் தாங்கும், ராக்கு மீன்தலைகளை வேகவைத்து, முள்ளு ஒன்று இல்லாமல் வடித்து, அந்தத் தண்ணியில் கத்தரிக்காயை வேகவைத்துக் கொடுத்தாள், மீனைத்தானே கூடாதென்றார்கள், தண்ணி என்ன பண்ணும், மூக்கடைத்துக் கிடந்தவள் ஆஹா என்று தின்றாள், பத்தாம் நாளும் தின்றாள், பதினொன்றாம் நாளும், பன்னிரண்டாம் நாள் மூக்கு திறந்துவிட்டது, முதல் கவளத்தை வாயில் வைத்தவள் மெல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள், எழுந்து வெளியே போய்ப் பூவரசு அடியில் துப்பி வாய் கொப்பளித்தாள், திரும்பி வந்து ராக்குவின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

எத்தனை நாளா மதினி.

மூணு நாளா என்று ராக்கு விரலைக் காட்டினாள், பிறகு அழுகையினூடே, தண்ணிதான்டி, ரெண்டு நாள்தானே பாக்கி, டாக்டருக்கு என்ன தெரியப்போகுது என்று அதையும் சொன்னாள், சொல்லியிருக்கக் கூடாது.

டாக்டருக்குத் தெரியாது, இதுக்குத் தெரியும்ல என்று கழுத்தைத் தொட்டுக் காட்டினாள் நம்புநாயகி, கோபமில்லை, குரல்கூட உயரவில்லை, காளிமுத்துவின் போனை வாங்கி மதுரைக்குப் பேசினாள், மீன் தண்ணி, மூணு நாள், நான்தான் கவனிக்காமச் சாப்பிட்டேன் என்றாள், மதினி கொடுத்தாள் என்று சொல்லவில்லை, அடுத்த தேதி ஆறு வாரம் கழித்து என்றார்கள், ஆறு வாரம் அந்தக் குதிரை நெஞ்சுக்குள் ஓட வேண்டும், சரிங்க என்று போனை வைத்தாள், மறுபடி பதினாலு நாள் வந்தபோது சுவரில் கரிக்கோடு ஒன்று கிழித்து, இன்னைக்கி ஒண்ணாம் நாளு என்றாள், என்ன ஆச்சரியம் என்றால் அப்போதும் ராக்குவையே சமைக்கச் சொன்னாள், வேறு யார் கையிலும் வாங்கித் தின்ன மாட்டேன் என்றாள், ஊரே கேட்கும்படி சொன்னாள், ராக்கு அந்தப் பதினாலு நாளும் வாயில் துணி கட்டாத குறையாக, அகப்பையை மூணு தடவை கழுவிச் சமைத்தாள், தான் யாருக்கும் அத்தனை உண்மையாய் இருந்ததில்லை என்று அவளுக்குத் தெரியும்.

மருந்து குடித்து வந்தவள் எழுந்து நடக்கச் சில மாதம் ஆனது, ஓடிய தைராய்டு ஒரேயடியாய்ப் படுத்துவிட்டது, இப்போது காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ஆயுசுக்கும், மீன் அளவோடு தின்னலாம் என்றார்கள், கஞ்சிப்பாசி மட்டும் வேண்டவே வேண்டாம் என்றார்கள், ஒன்றரை வருஷம் கழித்து டாக்டரம்மா தலையாட்டிய பிறகு ஒரு காலையில் இருவரும் வத்தையிலிருந்து குதித்தார்கள், ராக்கு மேலே வந்து விளிம்பைப் பிடித்தாள், ஒரு மூச்சு, ரெண்டு மூச்சு, மூணு மூச்சு, தெய்வமே, நாலாவதற்கு வாயைத் திறந்தபோது கை நிறையப் பாசியோடு அவள் தலை தெரிந்தது, கொல்லைக்குப் போய்வந்த அதே முகம்.

மதினி, எந்திரி, ரெண்டு வாய் குடி.

யார் கூப்பிடுகிறார்கள், காய்ச்சல் சற்று விலகி வாசல் தெரிகிறது, வாசலில் ஒன்பது பிடி பாசி வைத்த ஈரம் தெரிகிறது, அதைத் தாண்டி நம்புநாயகி வருகிறாள், அதே தம்ளர், விளிம்பு வரை ஊற்றிய கஞ்சிப்பாசிக் கஞ்சி, நடந்து வருகிறாள், ஒரு சொட்டு தளும்பவில்லை, ராக்கு எழுந்து உட்கார்ந்து ரெண்டு கையாலும் வாங்குகிறாள், அவள் கைதான் இப்போது நடுங்குகிறது, காய்ச்சலா அழுகையா, கஞ்சி அலையடித்து இருவர் விரலிலும் வழிகிறது, பாத்தியா, தம்ளருக்குள்ள வந்தும் அலையை விடமாட்டேங்குது என்று நம்புநாயகி சிரிக்கிறாள், சிரித்துக்கொண்டே தன் விரலில் வழிந்ததை முந்தானையில் துடைத்துக்கொள்கிறாள், உப்பு சரியா இருக்கா மதினி, நான் வாயில வச்சுப் பாக்கலை என்கிறாள், ராக்கு ஒரு வாய் குடித்துப் பார்க்கிறாள், சரியாக இருக்கிறது.