தடவும் முன்

அவள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவள். விஷக்காய்ச்சலில் படுத்து எழுந்தபோது தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டிப்போயிருந்தது. அதே அவதியில் இருந்த பெண்கள் கூடிப் பேச இணையத்தில் ஒரு தளம் இருந்தது. மனசு ஆறட்டும் என்று அங்கே தன் படத்தைப் போட்டாள். முகம் தெரியத்தான் போட்டாள்.

ஆறு மாதம் கழித்து நாத்தனார் ஃபோனை நீட்டினாள். "அண்ணி, இது நீங்கதானே?"

கூந்தல் தைல விளம்பரம். இடப்பக்கம் அவள்: தடவும் முன். வலப்பக்கம் இடுப்பு வரை முடியோடு எவளோ ஒருத்தி: தடவிய பின்.

"மூக்கு கூட வேற, அண்ணி!"

ஏமாற்றுவதில்கூட ஒரு சோம்பேறித்தனம்.

மறுநாளே விடுப்புப் போட்டு அந்தத் தளத்தின் அலுவலகத்துக்குப் போனாள். 'உங்கள் அந்தரங்கம் எங்கள் உயிர்' என்று சுவரில் ஆளுயர எழுத்து. மேலாளன் தேன் ஒழுகப் பேசினான்.

"மேடம், சேரும்போது 'சம்மதம்'னு ஒரு கட்டத்தைத் தொட்டீங்கல்ல? எல்லாமே அதுல இருக்கு. என்ன, யாரும் படிக்கிறதில்ல." சொல்லிவிட்டு, ஏதோ சாதித்தவன்போல் சிரித்தான்.

அவள் பையிலிருந்து கத்தைத் தாளை எடுத்து மேசையில் வைத்தாள். "நான் படிச்சேன். முப்பத்தெட்டு பக்கம். இருபத்தொன்பதைப் பாருங்க. சம்மதத்தை எப்ப வேணாலும் திரும்ப வாங்கிக்கலாம். வாங்கினா, படம் யார் யார்கிட்ட போச்சோ அங்கேருந்தெல்லாம் நீங்களே எடுக்கணும். இந்தாங்க என் கடிதம். யாருக்கெல்லாம் கொடுத்தீங்க? பட்டியல் வேணும்."

அவன் குனிந்து படித்தான். அந்தப் பக்கத்தை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறான் என்பது உதட்டசைவிலேயே தெரிந்தது. இந்த மண்ணாங்கட்டியிடமா அறுபது, எழுபது பெண்கள் தங்கள் முகத்தை நம்பிக் கொடுத்தார்கள்!

"மேடம், ஒரு வருஷத்துக்குத் தைலம் இலவசமா அனுப்பச் சொல்றேனே..."

"தடவினா என் மூக்கும் மாறிடுமா?"

பட்டியல் வந்தது. பதினோரு நிறுவனங்கள், அதில் ஒருவன் பூச்சி மருந்து விற்பவன். அவள் பட்டியலையும் கடிதத்தையும் அப்படியே தளத்தில் போட்டாள். ஒரு வாரத்துக்குள் அறுபத்து மூன்று பெண்கள் அதே கடிதத்தைத் தங்கள் பெயரில் எழுதினார்கள்.

மேலாளன் ஃபோனில் கூப்பிட்டான். 'மேடம்' போய்விட்டிருந்தது. "அக்கா, உங்க படத்தை மட்டும் கேட்டிருக்கலாமே. எங்க பொழப்பே நாறுதுக்கா."

"என் படத்தை மட்டும்தான் நான் கேட்டேன். அவங்கவங்க படத்தை அவங்கவங்க கேக்குறாங்க."

ஒன்பது நிறுவனங்கள் அவள் படத்தை எடுத்துவிட்டன. இரண்டு பேர் வாயே திறக்கவில்லை. அந்த இரண்டு பெயரையும் எழுதி, கெடு தேதி போட்டு, மேலாளனுக்கே அனுப்பினாள். எடுத்துத் தருவது அவன் வேலை.