போகிற முகமும் வருகிற முகமும்

ஏரிப் பாதை இரண்டாகப் பிரிந்த காலையில் மூக்குப் பாறையருகே இருந்தவர்கள் ஐந்து பேர்: பாதை அலுவலகத்தின் மேற்பார்வையாளர், படகுக்காரர், காப்பிக் கடை அக்கா, பாதைக்குக் குறி போடும் பெண், அவள் புருஷன். படகுக்காரர் அங்கே இருந்ததற்குக் காரணம் எதுவும் இல்லை. எந்த இடத்தில் சண்டை நடந்தாலும் அவர் இருப்பார்.

குறி போடுவது என்பது இதுதான். ஏரியைச் சுற்றிய காட்டில் நடக்க வருகிறவர்கள் வழி தவறாமல் இருக்க, மரங்களிலும் பாறைகளிலும் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் வண்ணம் பூசிவைக்க வேண்டும். ஒரு குறியில் நின்றால் அடுத்த குறி கண்ணில் பட வேண்டும். பாதை அலுவலகத்தில் தொடங்கி, ஏரிக்கரையோடு எட்டு கிலோமீட்டர் போய், கடைசி மேட்டில் முடியும். போனவர்கள் அதே வழியாகத் திரும்ப வேண்டும் என்பதால் ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டு முகம் உண்டு. போகிறவர்கள் பார்க்கும் முகத்தில் பெண்டாட்டி பூசுவாள், வருகிறவர்கள் பார்க்கும் முகத்தில் புருஷன் பூசுவார். ஒரே மரத்தின் இரண்டு பக்கமும் எதிரெதிராக நின்று, ஒரே டப்பாவை மாற்றி மாற்றி நீட்டிக்கொண்டு, பதிமூன்று வருஷம் அப்படியே வேலை பார்த்தார்கள். ஊரில் அவளுக்குப் போறவ என்றும் அவருக்கு வர்றவர் என்றும் பெயர் விழுந்துவிட்டது. சொந்தப் பெயர்கள் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தன.

அன்றைக்குச் சண்டை மூக்குப் பாறையை எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதில் வந்தது. அவள் இடது என்றாள். அவர் வலது என்றார். அவள் இந்தப் பக்கம் நின்று தன் முகத்தில் இடது அம்பு போட்டாள், அவர் அந்தப் பக்கம் நின்று தன் முகத்தில் வலது அம்பு போட்டார். பிறகு பேச்சு பாறையை விட்டு வேறு எங்கெங்கோ போயிற்று. பதிமூன்று வருஷத்தில் யார் யாரிடம் எதற்கு விட்டுக்கொடுத்தது என்பதுவரை போனது. அவர் ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு, அவள் குறி இருக்கிற ஒரு மரத்தையும் இனித் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டு நடந்தார். மறுநாள் காலையில் கடைசி மேட்டுக்குப் போன பதினோரு பேரும், யாரும் அதுவரை பார்த்திராத ஒரு வழியாகத் திரும்பி வந்தார்கள். முட்டிவரை நனைந்திருந்தார்கள். வழியில் ஒரு செங்குத்துப் பாறை இருக்கிறது, அதில் இரும்பு ஏணி இருக்கிறது, பக்கத்தில் அருவி விழுகிறது என்றார்கள். அலுவலக வரைபடத்தில் அந்த இடம் சதுப்பு. மேற்பார்வையாளர் பென்சிலால் சதுப்பை அழித்துவிட்டு அருவி என்று எழுதினார்.

அதன்பிறகு போகிற வழி எட்டு கிலோமீட்டராகவே இருந்தது. வருகிற வழி வருஷத்துக்கு ஒரு கிலோமீட்டர் நீண்டது, இரண்டு வருஷத்துக்கு ஓர் அருவி கூடியது. ஏழாம் வருஷம் அருவிகள் நான்கு. வர்றவர் வீட்டுக்கு வரவில்லை. பாறை உச்சியில், நான்கில் பெரிய அருவிக்குப் பக்கத்தில், சாமான் கொட்டகையிலேயே தங்கிவிட்டார். அவருக்கு வேண்டிய வண்ண டப்பாக்களையும் ரொட்டியையும் நடக்க வருகிறவர்கள் ஆளுக்கொன்றாகச் சுமந்துபோய்க் கொடுத்தார்கள். போறவ நாள்தோறும் கடைசி மேடுவரை பூசிக்கொண்டு போவாள். திரும்பும்போது மட்டும் அவர் குறியைப் பார்க்கப் பிடிக்காமல் படகில் வந்துவிடுவாள். ஏழு வருஷம் படகுக்காரர் அவளை அக்கரையிலிருந்து ஏற்றிவந்தார். போகிறவளுக்குத்தான் படகு தேவைப்படுகிறது, வருகிறவருக்கு ஊரே தேவைப்படவில்லை என்று அவர் ஒருமுறை சொல்லப்போக, அவள் ஒரு வாரம் அவரோடும் பேசவில்லை.

ஊருக்கு இந்தச் சண்டை நன்றாகவே ஒத்துப்போயிற்று. அருவியைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்தார்கள், காப்பிக் கடையில் நாற்காலி பதினாறானது. சமாதானம் ஆனால் வழி மறுபடி ஒன்றாகிவிடும், அருவி போய்விடும் என்பதைச் சின்னப் பிள்ளைகூடக் கணக்குப்போட்டுச் சொல்லிவிடும். அதனால் போறவ கொஞ்சம் இளகுவது தெரிந்தால் யாராவது ஒரு வார்த்தையைக் கொளுத்திப் போட்டார்கள். மூன்றாம் வருஷம் அவள் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை பின்னி மேலே கொடுத்தனுப்பினாள். இரண்டு நாள் கழித்து மேற்பார்வையாளர் அலுவலகத்தில் பூட்ஸ் நாடாவை முடிந்துகொண்டே, அவள் குறி கரண்டியால் மாவு ஊற்றின மாதிரி இருக்கிறது என்று புருஷன் சொன்னதாகச் சொன்னார். வர்றவர் அப்படிச் சொல்லவே இல்லை. போறவ அடுத்த ஜோடியைப் பாதியில் பிரித்து நூலை உருண்டையாகச் சுற்றி வைத்துவிட்டாள்.

ஏழாம் வருஷத்தின் ஈர மாதத்தில், அருவி வழியாக வந்தவர்கள் குறிகள் மங்கிவிட்டன என்றார்கள். மூன்று நாளில் நிலைமை மோசமானது. ஒரு தம்பதி ஒன்பது மணிநேரம் சுற்றினார்கள். குறி மங்கிய இடத்தில் பாதை தரையோடு தரையாகக் கரைந்துபோகிறது, கால் வைத்த பிறகுதான் தெரிகிறது என்று அந்தப் பெண் சொன்னாள். கொட்டகை மூடியிருந்தது, உள்ளே யாரோ இருமினார்கள் என்று அந்த ஆள் சொன்னான். மேற்பார்வையாளர் வருகிற வழியை அடைத்துவைக்கலாம், மேலிடத்துக்கு எழுதிப்போடலாம் என்றார். போறவ கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

தன் வழியாகக் கடைசி மேட்டுக்குப் போய் அங்கிருந்து திரும்பினால் கொட்டகைக்குப் போய்ச்சேர முழு நாள் ஆகும். அலுவலகப் பக்கமிருந்து எதிர்த்திசையில் ஏறினால் நாலே கிலோமீட்டர். ஆனால் அந்தத் திசையில் மரங்களெல்லாம் வெறும் பட்டை. அவர் பூசியதெல்லாம் வருகிறவர்களுக்கு. குறி கண்ணில் படாதவர்களுக்கு அந்த வழியே கிடையாது. அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு காட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு மரத்தையும் கடந்த பிறகு அதன் குறி, மங்கலாகவாவது, அவள் கண்ணுக்கு வந்தது. வந்ததும் கால் சரியான இடத்தில்தான் இருக்கிறது என்று தெரிந்தது. காப்பிக் கடை அக்கா கடைவாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மூக்குப் பாறையைத் தாண்டும்போது அவர் ஏழு வருஷத்துக்கு முன்னால் போட்ட அம்பு எதிரே நின்றது. அந்த முகத்தை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. வலது என்றது அம்பு. அவள் தன் வலது கையைப் பார்த்தாள். அது ஏரிப் பக்கம் இருந்தது. போகும்போது அவளுக்கு இடது கையில் வரும் அதே ஏரி. அம்பின் முன் ஒரு நிமிஷம் நின்றாள், வாயில் ஒரு வசவு வந்தது, அதை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் விழுங்கிக்கொண்டு நடந்தாள்.

அவர் வேலையைக் குறை சொல்லும் உத்தேசத்தோடுதான் பார்த்துக்கொண்டு போனாள். முடியவில்லை. போகிறவர்கள் நிமிர்ந்து நடப்பார்கள், அவளுடைய குறிகள் கண் மட்டத்தில் இருக்கும். வருகிறவர்கள் களைத்துத் தரையைப் பார்த்து நடப்பார்கள். அவர் குறிகள் வருகிற திசையில் மரத்துக்கு மரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அலுவலகத்தை நெருங்கும் இடத்தில் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தன. வழுக்கும் வேர் இருக்கிற இடத்தில் குறி வேருக்கு அந்தப் பக்கமே இருந்தது, கண் அதைத் தேடும்போது கால் தானாகத் தூக்கிக்கொள்ளும். இதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. வண்ணம் ஒரு சொட்டுகூட வழிந்திருக்கவில்லை.

முதல் அருவி பிடரியில் சத்தமாக வந்தது, பிறகு கழுத்தில் குளிராக, பிறகு பக்கத்தில் நூலாக இறங்கி, கடைசியில் முன்னால் விலகி நின்றது. இரண்டாவது மூன்று படியாக விழுந்தது, ஒவ்வொரு படியிலும் நீரின் நிறம் வேறு. மூன்றாவது பாதி தூரம் விழுந்ததும் காற்றில் மேலே எழும்பி, மறுபடி யோசித்து விழுந்தது. இரும்பு ஏணியில் அவள் குதிகாலால் படி தேடி, பாறைக்கு முதுகு கொடுத்து ஏறினாள். கீழே ஏரி முழுசாக விரிந்தது. இருபது வருஷம் அதன் ஓரத்தில் நடந்தவள் அது ஒரு காது மாதிரி இருக்கும் என்று நினைத்ததில்லை. நடு ஏணியில் நின்று வேண்டிய மட்டும் பார்த்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

கொட்டகைக் கதவை முதுகால் தள்ளித்தான் உள்ளே போனாள். அவர் பலகையில் படுத்திருந்தார், கணுக்கால் பூசணி மாதிரி வீங்கியிருந்தது. காலில் பழைய கம்பளிக் காலுறை, ஏழெட்டு இடத்தில் மீன்வலை நூலால் தைத்தது.

"வழி தப்பிட்டியா?" என்றார் அவர்.

"பின்பக்கமாவே நடந்து வந்தேன். அன்னிக்கு வலதுன்னு சொன்னீங்களே, ஏரிப் பக்கத்தையா சொன்னீங்க?"

"வேற எதைச் சொல்வாங்க?"

"நான் சொன்ன இடதும் அதான்."

அவர் இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்தார். ஒன்றைத் திருப்பினார், பிறகு மற்றதையும் திருப்பினார். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல," என்றார்.

"சொன்னேனே. இடதுன்னு சொன்னேன்."

அவர் கதவு வழியே பெரிய அருவியைப் பார்த்தார். பிறகு அவர், தான் கீழே வந்தால் இந்த அருவியெல்லாம் இருக்காது என்றார். அவள் தெரியும் என்றாள். ஜனங்கள் வருவதே இதற்காகத்தான் என்றார்.

"நான் வந்தது இதுக்கில்ல," என்றாள் அவள். "காலை நீட்டுங்க."

கணுக்காலைத் துணியால் கட்டி, தோளில் சாய்த்துக்கொண்டு இறக்கினாள். வருகிற திசையில் இறங்கினதால் இருவரும் முன்னால் பார்த்து நடந்தார்கள். அவர்கள் கடந்த பிறகு வழி பின்னாலேயே மூடிக்கொண்டு வந்தது. ஏணி பாறைக்குள் போயிற்று, பாறை காட்டுக்குள் போயிற்று. மேலே எழும்பும் அருவி எழும்பினபடியே நின்று மறைந்தது. மூன்று படி அருவி படிப்படியாக நின்றது. நூல் அருவி மட்டும் சத்தமில்லாமல் போயிற்று, அவள் திரும்பிப் பார்த்தபோது அங்கே சதுப்புநிலப் புல் அசைந்தது. நல்லா இருந்துச்சு என்றாள். அவர் தலையாட்டினார்.

பெரிய அருவி நிற்கவில்லை. அது மூன்றடி பின்னால் வந்துகொண்டிருந்தது. மேலே எதிலிருந்து விழுகிறது என்று தெரியவில்லை, ஒரு மாடி உயரத்தில் ஆரம்பித்துத் தரையில் விழுந்து, அவர் நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது. ஏழு வருஷம் பக்கத்திலேயே படுத்து எழுந்த பழக்கம். போறவ ஒரு தடவை பார்த்துவிட்டு, கால் வழுக்குமே என்று அவரைக் கொஞ்சம் முன்னால் தள்ளி நடக்கவைத்தாள். அவ்வளவுதான்.

வெயில் சாயும் நேரத்தில் அவர்கள் வீட்டு வாசலில் ஊர் கூடியிருந்தது. காடு சமதளமாகிவிட்ட செய்தி அவர்களுக்கு முன்பே வந்திருந்தது. காப்பிக் கடை அக்கா பதினாறு நாற்காலியை என்ன செய்வது என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள். மேற்பார்வையாளர் இடது வலது விஷயம் தனக்கு இரண்டாம் வருஷமே தெரியும் என்று இப்போது சொன்னார். சொல்லியிருக்கலாமே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, கேட்கும் யோக்கியதை அங்கே யாருக்கும் இல்லை. படகுக்காரர் மட்டும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஒண்ணையாவது மேலயே விட்டுட்டு வந்திருக்கலாம்ல அண்ணி," என்றார்.

"நாங்க கூப்பிடல. அதுவா வந்துச்சு," என்றாள் அவள். "பாக்கணும்னா நாளைக்கு எட்டு மணிக்கு மேல வாங்க. கால் கழுவிட்டு வாங்க."

மேற்பார்வையாளர் நோட்டை எடுத்து, அருவி ஒன்று, எட்டு மணிக்கு மேல் என்று எழுதிக்கொண்டார். கூட்டம் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டது. வர்றவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலால் உள்ளே ஏறினார். அவள் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள். உயரமானவர்கள் தலை குனிந்து நுழைவதைப் போல அருவியும் நிலைக்குக் கீழே குனிந்து உள்ளே போயிற்று. அவள் கடைசியாக உள்ளே போய், கதவைச் சாத்திப் பூட்டினாள்.