ஒன்பது வினாடி முந்திய அழுகை

அந்த ஞாயிற்றுக்கிழமை டைம்கீப்பர் செய்ய வேண்டியிருந்தது ஒரே ஒரு வேலைதான். ஆச்சரியப்பட வேண்டும். என்ன நடக்கப்போகிறது என்று நன்றாகவே தெரிந்த விஷயத்துக்கு, ஒன்றும் தெரியாத பச்சைக் குழந்தை மாதிரி வாயைப் பிளக்க வேண்டும். மத்தியானம் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று நாலைந்து தடவை ஒத்திகை பார்த்தார். புருவத்தைத் தூக்கினார், கன்னத்தில் கை வைத்தார், "ஐயையோ" என்றார். துண்டு எடுக்க அந்தப் பக்கம் வந்த மனைவி, "என்னங்க, பல் வலியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பஸ் டிப்போவில் அவருக்கு இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். வாசலை ஒட்டிய கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, வண்டி உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் எழுதுகிற உத்தியோகம். எந்த டிரைவர் கெஞ்சினாலும் ஒரு வண்டியைக்கூட அரை நிமிடம் முன்னால் கிளம்ப விட்டதில்லை. மனுஷன் தும்முவதென்றால்கூடக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் தும்முவார் என்று டிரைவர்கள் சிரிப்பார்கள். அப்படிப்பட்ட ஆளுக்கு ஜப்பான்காரர்களின் பொம்மைப் படத்தில் பைத்தியம் என்றால் யார் நம்புவார்கள்?

பொம்மைப் படம் என்பது மனைவி வைத்த பெயர். மகள் காதில் விழுந்தால் தொலைந்தது. "அனிமேம்மா, அனிமே" என்று பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவாள். பதினைந்து வயதில் காய்ச்சலில் படுத்திருந்த மகளுக்குத் துணையாக உட்கார்ந்தவர், 'நடக்கும் மலை' என்ற அந்தத் தொடரின் முதல் எபிசோடைப் பார்த்தார். ஒரு பெரிய மலை எழுந்து கடலைத் தேடி நடந்துபோகிறது. அதன் முதுகில் வீடு கட்டிக்கொண்டு நாலைந்து பேர், வழியில் வருகிற ராட்சதர்களோடு மல்லுக்கட்டுகிறார்கள். மகளுக்குக் காய்ச்சல் மூன்றாம் நாள் விட்டது. அப்பாவைப் பிடித்தது விடவேயில்லை. ஜப்பான் பெயர்கள் நாக்கில் நிற்காததால் எல்லோருக்கும் அவரே பெயர் வைத்துவிட்டார். கதாநாயகன் முள்ளுத்தலை. பறக்கத் தெரிந்தவள் நீலமுடி. ஆளுயர இரும்புக் கரண்டியைச் சுழற்றிச் சண்டை போடும் சமையல்காரர் கரண்டிக்காரர். அந்தக் கரண்டிக்காரர்தான் அவருக்கு உயிர். அதே வயசு, அதே தொப்பை, உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது அதே "அப்பாடா".

பதினோரு வருஷம் ஓடிவிட்டது. மகள் இப்போது எட்டு மணிநேர ரயில் தூரத்தில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் டிசைன் பிரிவில் இருக்கிறாள். ஆனாலும் ஞாயிறு மாலை நாலு மணி என்றால் நாலு மணிதான். இவர் இங்கே டிவி முன்னால், அவள் அங்கே லேப்டாப் முன்னால், நடுவில் ஸ்பீக்கரில் போன். "மூணு, ரெண்டு, ஒண்ணு" என்று எண்ணி இரண்டு பேரும் ஒரே நொடியில் ஓடவிடுவார்கள். ஒருத்தர் இல்லாமல் இன்னொருத்தர் பார்க்கக் கூடாது. படம் வருவதற்கு முன்பே கதை புத்தகமாக வந்துவிடும். மாங்கா என்பார்கள். அதை எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. டிப்போவில் ஒரு கண்டக்டர் மாங்கா படிக்கிறவன். அவன் கூண்டுப் பக்கம் வந்தாலே இவர் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொள்வார்.

அவ்வளவு சுத்தமான மனுஷன்தான் போன வாரம் சோரம் போய்விட்டார்.

காரணம், இருதயத்தில் ஒரு வால்வு. மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லி வரும் வியாழக்கிழமைக்கு நாள் குறித்தாயிற்று. "பயப்படாதீங்க சார், நூத்துக்குத் தொண்ணூத்தேழு பேர் ஜம்முனு எழுந்து வந்துடுவாங்க" என்றார் டாக்டர். வேறு யாராவது என்றால் தொண்ணூற்றேழைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகியிருப்பார்கள். டைம்கீப்பருக்கோ மீதி மூன்றுதான் காதில் விழுந்தது. டிப்போவிலிருந்து தினம் நூறு வண்டி கிளம்பினால் மூன்று வண்டி வழியில் படுத்துவிடும். அந்த மூன்றுக்காக எத்தனை போன், எத்தனை வசவு! மூன்று என்பது அவருக்குச் சின்ன எண்ணே இல்லை.

மகளிடம் சொல்லவில்லை. அதே வியாழக்கிழமைதான் அவள் வடிவமைத்த முதல் செருப்பைக் கம்பெனி பெரியவர்கள் பார்க்கப்போகிறார்கள். "மேலதிகாரிங்க எல்லாரையும் வரிசையா உக்கார வெச்சு, செருப்பைக் காட்டப்போற ஒரே ஆளு என் பொண்ணுதான்" என்று டிப்போ முழுக்கச் சொல்லிச் சிரித்தவர் அவர். ஆபரேஷன் என்று தெரிந்தால் செருப்பைப் போட்டது போட்டபடி ஓடிவந்துவிடுவாள். அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவர் தன்னிடமே ஒப்புக்கொள்ளவில்லை. அவளிடம் சொல்ல ஆரம்பித்தால் குரல் உடைந்துவிடும். மனைவியிடம், "நீயா எதுவும் சொல்லக் கூடாது" என்று சத்தியம் வாங்கினார். அவள் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "நானா சொல்லமாட்டேன்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கணக்கு மண்டைக்குள் புகுந்தது. இந்த ஞாயிறு கடைசிக்கு முந்தின எபிசோட். அடுத்த ஞாயிறு கடைசி. நடுவில் வியாழன். பதினோரு வருஷம் கூடவே நடந்துவிட்டு, மலை கடலுக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாமலே போய்விட்டால்? செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் புத்தகக் கடைக்குப் போனார். கடைசி மாங்காவை வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, ஏதோ திருட்டுச் சாமான் மாதிரி கூண்டுக்குக் கொண்டுவந்தார். கரண்டிக்காரர் பிழைக்கிறாரா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவதாக எண்ணம். ஆனால் மாங்காவை வலது பக்கத்திலிருந்து திறக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? நம் வழக்கப்படி இடது பக்கம் திறந்தார். முதலில் கண்ணில் பட்டதே கதையின் கடைசிப் பக்கம். அப்புறம் என்ன, கெட்டது கெட்டாயிற்று என்று பின்னாலிருந்து ஒருமுறை, முன்னாலிருந்து ஒருமுறை படித்து முடித்தார். கரண்டிக்காரர் சாகும் இடத்தில் கண்ணீர் வழிந்து, அன்றைய பதிவேட்டில் இரண்டு வண்டிகளின் நேரம் அழிந்துபோனது.

இதுதான் நடந்தது. இப்போது ஞாயிறு, மணி நாலு.

"அப்பா, ரெடியா? மூணு, ரெண்டு, ஒண்ணு!"

ஆரம்பம் அமர்க்களமாகத்தான் போனது. ராட்சதன் வந்ததும் "ஐயையோ" என்றார். நீலமுடியின் சிறகு ஒடிந்ததும் கன்னத்தில் கை வைத்தார், போனில் அது தெரியாது என்று ஞாபகம் வந்து இன்னொரு "ஐயையோ" போட்டார். "என்னப்பா இன்னிக்கு ஓவரா பண்றீங்க?" என்று மகள் சிரித்தாள். நமக்குள் ஒரு நடிகன் இருந்திருக்கிறான், இத்தனை நாள் தெரியவில்லையே என்று அவருக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

பதினேழாவது நிமிடம். கரண்டிக்காரர் தன் கூட்டத்துக்குக் கடைசியாகச் சமைக்கிறார். பானையைத் திறந்து ஆவியில் முகத்தைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஆனந்தமாகச் சிரிக்கிறார். பின்னாலிருந்து ராட்சதனின் ஈட்டி வரப்போவது அவருக்குத் தெரியாது. பார்த்துக்கொண்டிருக்கும் மகளுக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் டைம்கீப்பர். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவருக்கு அழுகை முட்டியது. அடக்கினார். மூக்கைப் பிடித்தார். முடியவில்லை. விசும்பல் ஒன்று கட்டவிழ்ந்து வெளியே வந்தது.

அங்கே மகள் சட்டென்று நிறுத்தினாள். இங்கே இவரும் பயந்துபோய் நிறுத்தினார்.

"அப்பா, ஏன் அழறீங்க?"

"கரண்டிக்காரர் செத்துட்டாரேம்மா…"

"செத்துட்டாரா? இங்க பல்லைக் காட்டிச் சிரிச்சுட்டு இருக்காரே!"

டைம்கீப்பருக்கு வியர்த்தது. "அது… நம்ம டிவி இன்னிக்குக் கொஞ்சம் முந்தி ஓடுது போல."

"அப்படியா? உங்களுக்கு எத்தனைல நிக்குது?"

பதினேழு ஐம்பது என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். ஈட்டி பாய்வது சரியாக அந்த நொடியில்தான். வாய்க்கு வந்த ஒரு நேரத்தைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஆனால் நேரத்தைக் கேட்டால் உள்ளதைச் சொல்லியே பழகிய நாக்கு அது. "பதினேழு நாப்பத்தொண்ணு" என்றது.

"எனக்கும் பதினேழு நாப்பத்தொண்ணு."

இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு வண்டியைக்கூட முந்தவிடாத மனுஷன், தன் கண்ணீரை ஒன்பது வினாடி முன்னால் கிளப்பிவிட்டார்.

"படிச்சுட்டீங்க" என்றாள் மகள். "அப்பா! மாங்காவைப் படிச்சுட்டீங்க! எதுவரைக்கும்?"

"கடைசிவரைக்கும்."

அடுத்த இரண்டு நிமிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். துரோகி என்றாள். ராட்சதனே தேவலை என்றாள். தன் பரீட்சை நேரத்தில் ஒரு மாசம் பார்க்காமல் இருந்தபோது அவரும் பார்க்காமல் காத்திருந்ததையும், காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு மேலாளர் கூப்பிட்டது கேட்காமல் மெமோ வாங்கியதையும் அவளே எடுத்துச் சொல்லித் திட்டினாள். சொல்லச் சொல்ல அவள் குரல் மெதுவானது. திட்டுவதற்காக எடுத்த உதாரணங்களே அவளை எங்கோ இழுத்துக்கொண்டு போயின. பக்கத்து அறையில் தையல் மெஷின் நின்றுவிட்டது.

"ஒரு நிமிஷம்ப்பா. பதினோரு வருஷமா ஒரு பக்கம்கூடப் பிரிச்சதில்லை நீங்க. இன்னும் ஏழே நாள்தான் இருக்கு. ஏழு நாள் உங்களுக்குப் பொறுக்க முடியலையா?"

"ஒரு ஆசைதான்…"

"ஆசையில்லை. நீங்க ஆசைக்கெல்லாம் மசியற ஆளா? ஏழு நாள் கழிச்சுப் பாக்க முடியுமான்னு உங்களுக்குச் சந்தேகம். அதான் படிச்சிருக்கீங்க." அவள் மூச்சு வாங்குவது ஸ்பீக்கரில் கேட்டது. "அம்மா! அப்பாவுக்கு என்ன?"

"வால்வு ஆபரேஷன். வியாழக்கிழமை காலைல ஏழு மணி" என்று பக்கத்து அறையிலிருந்து மறுநொடியே பதில் வந்தது.

"சத்தியம் பண்ணினியே!" என்றார் டைம்கீப்பர்.

"நானா சொல்லமாட்டேன்னுதான் சொன்னேன். கேட்டா சொல்லமாட்டேன்னு சொன்னேனா?" என்றபடி மனைவி ஊசியும் நூலுமாக வாசற்படியில் வந்து நின்றாள். ஒரு வாரமாக யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்தவள் முகம் அது.

திரையில் கரண்டிக்காரர் சிரித்தபடி உறைந்து நின்றார். டைம்கீப்பர் அவசரமாக விளக்க ஆரம்பித்தார். பெரிய விஷயமே இல்லை, தொண்ணூற்றேழு பேர் எழுந்து வந்துவிடுகிறார்கள், உன் செருப்பு கெட்டுவிடக் கூடாது என்றுதான். "செருப்பைப் புதன்கிழமையே பாக்கச் சொல்றேன்" என்று மகள் வெட்டினாள். "பாக்கலைன்னா அவங்க வெறுங்காலோட போகட்டும். நான் புதன் ராத்திரி வண்டியில ஏறிடுவேன்." அவள் அழுகிறாள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"பாப்பா…"

"இப்ப முடிவைச் சொல்லுங்க."

"எது, கதையோடதா? சேந்து பாக்கணும்னு நாம…"

"எனக்குத் தெரியாத முடிவை நீங்க மட்டும் தனியா வெச்சுக்கிட்டு உக்காரக் கூடாது. சொல்லுங்கப்பா."

அவர் மனைவியைப் பார்த்தார். பொம்மைப் படம் என்று பதினோரு வருஷமாக எட்டிப் பார்க்காதவள், வந்து சோபாவின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். சரி என்று அவரும் சொல்ல ஆரம்பித்தார். கரண்டிக்காரரை எப்படி அடக்கம் செய்தார்கள், முள்ளுத்தலை அந்தக் கரண்டியைத் தூக்க முடியாமல் தூக்கி எப்படி ராட்சதனைச் சாய்த்தான் என்று கையை ஆட்டி, குரலை மாற்றி, டிவிக்காரனே தோற்றுப்போகிற மாதிரி சொன்னார். கடலுக்கு வந்ததும் குரல் இறங்கிவிட்டது.

"அப்புறம் ஒருநாள் விடியக்காலைல எல்லாரும் கரையில இறங்கித் தூங்கிட்டு இருக்காங்க. மலை சத்தம் போடாம எழுந்து கடலுக்குள்ள இறங்கிப் போயிடுது. அவ்வளவுதான். கடைசிப் பக்கத்துல வெறும் காலடித் தடம். எனக்கு வந்த கோவத்துக்குப் புத்தகத்தைத் தூக்கி எறிஞ்சிருப்பேன்."

"யாரையும் எழுப்பலையா?"

"எழுப்பலை."

"தூங்கினவங்க எழுந்து பாத்துட்டு என்ன பண்ணாங்க?"

"அதை அந்த ஆளு வரையவே இல்லம்மா."

"அந்த மலைக்குக் கொஞ்சம்கூட அறிவே இல்லப்பா" என்றாள் மகள்.

"இல்லதான்" என்று தலையைக் குனிந்துகொண்டார் டைம்கீப்பர்.

"பயமா இருக்கா?"

டாக்டர் கேட்டபோது இல்லை என்றார். மனைவி கேட்டபோது இல்லவே இல்லை என்றார். டிப்போவில் விடுப்பு எழுதிக் கொடுத்தபோது ஊருக்குப் போவதாகச் சொன்னார். இப்போது வாயைத் திறந்தார், ஒத்திகை பார்த்த எதுவும் வரவில்லை.

"ரொம்ப பயமா இருக்கு பாப்பா" என்றார். மனைவி ஊசியைச் சேலைத் தலைப்பில் குத்திவிட்டு, நகர்ந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.