செப்டம்பர் மாதத்துச் சொல்

பாலகுருவின் கண்ணிலிருந்து ஒரு புள்ளிகூடத் தப்ப முடியாது. தப்புவதெல்லாம் அர்த்தம்தான். சிவகாசி அச்சகம் ஒன்றில் பதினெட்டு வருஷமாகப் புரூஃப் பார்க்கிறான். காலண்டரில் அமாவாசை ஒருநாள் தள்ளி விழுந்திருந்தால் உடனே பிடித்துவிடுவான். ஆனால் இன்றைக்கு என்ன படித்தாய் என்று சாயங்காலம் கேட்டால் திருதிருவென்று விழிப்பான்.

வேலை நடக்கும் முறை அப்படி. ஆர்டர் கொடுத்தவர்கள் எழுதித் தந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு செல்லத்தாய் அக்கா உரக்கப் படிப்பாள். கமா, புள்ளி ஒன்றையும் விடமாட்டாள். பாலகுரு அச்சான தாளில் பேனாவை ஓட்டிக்கொண்டே வருவான். கல்யாணப் பத்திரிகையோ கண்ணீர் அஞ்சலியோ, அவளுக்கு ஒரே ராகம்தான்.

அந்த வெள்ளிக்கிழமை அவன் வீம்புக்குத்தான் வேலைக்கு வந்திருந்தான். ஆமத்தூரில் அவன் தங்கை பாண்டிச்செல்விக்கு அன்று மதியம் வளைகாப்பு. போன வாரம் அவள் புருஷன் முனியராஜ் வெற்றிலைத் தட்டோடு அச்சக வாசலுக்கே வந்தான். ‘லோடு இறக்கிக்கிட்டு இருக்கேன்னு சொல்லு’ என்று வாட்ச்மேனிடம் சொல்லியனுப்பினான் பாலகுரு. புரூஃப் பார்க்கிறவனுக்கு ஏது லோடு? முனியராஜ் தட்டை வாட்ச்மேன் நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

பாண்டிச்செல்விக்கு மூன்று வயதாக இருக்கும்போது அவர்கள் அம்மா பட்டாசு ஆலை விபத்தில் இறந்துபோனாள். அப்பா அதற்கு முன்பே இல்லை. பதினாறு வயது பாலகுருதான் தங்கைக்குச் சடை பின்னினான், பேன் பார்த்தான். பங்குனிப் பொங்கல் திருவிழாக் கடையில் கண்ணாடி வளையல் வாங்கி, கையில் சோப்பைக் குழைத்து ஏற்றிவிட்டான். அவள் வயசுக்கு வந்த அன்று என்ன செய்வதென்று தெரியாமல் செல்லத்தாய் வீட்டு வாசலில் போய் நின்று அழுதான். பட்டாசு ஆலைக் காற்றே படக்கூடாது என்று பொத்திப் பொத்தி வளர்த்தான். அவளோ நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிற முனியராஜைத்தான் கட்டுவேன் என்று கட்டிக்கொண்டாள். மூன்று வருஷமாகப் பேச்சில்லை. கோபம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். பாவம், அத்தனையும் பயம்.

அன்றைக்கு மேஜையில் கிடந்தது ஒரு கிறிஸ்தவ சபையின் காலண்டர். மாதத்துக்கு ஒரு எபிரேயச் சொல்லும் கீழே விளக்கமும் போட்டிருந்தார்கள். ஆகஸ்டு முடிந்தது. செல்லத்தாய் அடுத்த தாளை எடுத்தாள்.

“செப்டம்பர் புள்ளி. ரஹமீம் கமா எபிரேயச் சொல் புள்ளி. உருக்கம் கமா மனமிரங்குதல் என்று பொருள் புள்ளி. கருப்பையைக் குறிக்கும் சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது புள்ளி.”

கருப்பைக்கு ‘ப்’ இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது.

“தாய்க்கு மட்டுமா கேள்விக்குறி. தகப்பனின் இரக்கத்துக்கும் வேதம் இந்த வேரிலிருந்தே சொல் எடுக்கிறது புள்ளி. அண்ணனுக்கும் எடுக்கிறது புள்ளி. கோபித்திருக்க எல்லா நியாயமும் இருந்த ஓர் அண்ணன் கமா தன் தாய் வயிற்றுத் தம்பியைப் பல வருஷம் கழித்துக் கண்டதும் கமா இந்த உருக்கம் பொங்கி கமா அறைக்குள் போய் அழுதான் புள்ளி. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கமா சாப்பாடு போடச் சொன்னான் புள்ளி.”

பேனா நின்றுவிட்டது.

“என்ன தம்பி, தப்பா?”

“அந்த அண்ணன் வரிய இன்னொருக்கா வாசிங்கக்கா. கமா வேண்டாம்.”

செல்லத்தாய் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ராகத்தை விட்டுவிட்டு, ஒரு ஆளிடம் விஷயம் சொல்வதுபோல மெதுவாகப் படித்தாள்.

பாலகுரு எழுந்து குழாயடிக்குப் போனான். வெகுநேரம் கழித்து ஈர முகத்தோடு வந்தான்.

“அக்டோபர் தாளு இருக்கேக்கா…”

“அது எங்கயும் ஓடிறாது. கெளம்புங்க தம்பி. வெறுங்கையோட போயிறாதீக.”

வளைகாப்புக்குத் தாய் வீட்டுச் சோறு போகவேண்டும். சமைக்க வீட்டில் யார் இருக்கிறார்கள்? பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு என்று பொட்டலம் கட்டி வாங்கினான். பக்கத்துக் கடையில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் வாங்கினான். அளவு கேட்டார்கள். யோசிக்காமல் சொன்னான்.

ஆமத்தூர் வீட்டில் பாண்டிச்செல்வி நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். கன்னமெல்லாம் சந்தனம். கை இன்னும் வெறுங்கைதான். அவள் மாமியார் குருவம்மாள் வளையல் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க தம்பி, வாங்க. மொத வளையல் தாய் வீட்டு ஆளுதான் போடணும். அதான் யாரையும் தொட விடாம வச்சிருக்கேன். கூட யாரு வந்திருக்கீக?”

அவன் பின்னால் யாரும் இல்லை. பெண்கள் எல்லாரும் அவனையும் அவன் கையிலிருந்த ஓட்டல் பையையும் பார்த்தார்கள்.

“நாந்தான் அத்தை. அவளுக்குத் தாய் வீடு நாந்தான்.”

ஆம்பளை போடுவதா என்று ஒருத்தி வாயெடுத்தாள். குருவம்மாள் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டாள். பாண்டிச்செல்வி கையை நீட்டினாள். புறங்கை வீங்கியிருந்தது. வளையல் பாதியில் நின்றுகொண்டது.

“சோப்புப் போடாம ஏறாதுண்ணே.”

சோப்பும் தண்ணீரும் கொண்டுவந்து நீட்டியது முனியராஜ். எவ்வளவு தேய்த்துக் குளித்திருந்தாலும் நகக்கண்ணில் வெள்ளி மருந்து ஒட்டியிருந்தது. பாலகுரு சோப்பை வாங்கவில்லை, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

“மாப்ள, பாத்து வேல பாருங்க. சாயங்காலமாச்சுன்னா வீடு வந்து சேருங்க.”

“சரி மச்சான்.”

வளையல்கள் ஒன்றும் உடையாமல் ஏறின. ஏழாவதை ஏற்றும்போது பாலகுருவுக்குக் கண் மறைத்தது.

“இன்னும் சாப்பிடலைண்ணே நான்,” என்றாள் பாண்டிச்செல்வி. அவள் குரலும் உடைந்திருந்தது. “போயி மொகத்தக் களுவிட்டு வந்து, நீயே சோறு போடு.”

அன்றைக்கு இரண்டாவது தடவையாகப் பாலகுரு தண்ணீர்க் குழாயைத் தேடிப் போனான்.