காறை எலும்பு

பூவாத்தாளைக் கட்டை வண்டியில் ஏற்றும்போது அவளுக்கு வலி கண்டு ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்திருந்தன. ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது. வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் சமுக்காளத்தை விரித்து, தங்கையின் தலையை மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள் பழனியம்மாள். ஊரில் பிரசவம் பார்க்கும் சென்னியம்மாள் காய்ச்சலோடு வந்து பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தாள்: "பெரிய புள்ள. என்ற கைக்கு அடங்காது. தாமதிக்காம சேலத்துக்குக் கொண்டு போயிருங்க."

பூவாத்தாள் முன்பு பெற்ற பிள்ளைகள் ஒன்றும் தங்கவில்லை. அதனால் அவள் புருஷன் மயில்சாமி யாரையும் எதுவும் கேட்கவில்லை. மாட்டைப் பூட்டினான், கிளம்பிவிட்டான். ராசிபுரம் போய்விட்டால் அங்கே சேலத்துக்குப் பஸ் உண்டு. யுத்த காலம் என்பதால் பெட்ரோல் இல்லை. கரியை எரித்துத்தான் பஸ்ஸை ஓட்டினார்கள். ஓடினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

நாமகிரிப்பேட்டை தாண்டி வெகுதூரம் போகவில்லை, ஓடை குறுக்கே வந்தது. எப்போதும் மணலாய்க் கிடக்கும் ஓடை. அன்று கரையைத் தொட்டுக்கொண்டு செந்நீர் போயிற்று. மயில்சாமி இறங்கிப் பார்த்தான். நெஞ்சளவு தண்ணீர் அவனையே புரட்டியது.

"மாடு எறங்காதுங்க அக்கா. தண்ணி வடியோணும்" என்றான் திரும்பி வந்து.

அவன் சொல்லி முடிக்கவில்லை, பூவாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு முக்க ஆரம்பித்துவிட்டாள். பழனியம்மாள் மடியிலிருந்த தலையை வைக்கோலில் சாய்த்துவிட்டுக் கால்மாட்டுக்கு நகர்ந்தாள். அவளும் பிள்ளை பெற்றவள்தான். சென்னியம்மாளுக்குப் பக்கத்தில் நின்று வெந்நீர் எடுத்துக் கொடுத்ததும் உண்டு. அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது.

தலை வந்துவிட்டது. பழனியம்மாளுக்கு உயிர் திரும்பியது போலிருந்தது. ஆனால் வந்த தலை வந்த இடத்திலேயே நின்றது. ஆமை கழுத்தை இழுத்துக்கொள்வதுபோல் கொஞ்சம் உள்ளே கூடப் போயிற்று. பூவாத்தாள் இன்னொரு முறை முக்கினாள். அசையவில்லை. குழந்தையின் முகம் சிவந்து, பிறகு நாவல்பழ நிறத்துக்கு மாறியது.

பழனியம்மாள் தலையை இரு கைகளாலும் பிடித்து இழுத்தாள். கழுத்துதான் நீண்டது. மறுபடியும் இழுத்தாள். இன்னும் இழுத்தால் கழுத்து கையோடு வந்துவிடும் என்று பயந்து விட்டுவிட்டாள்.

"அக்கா, என்னைய உட்டுரு. புள்ளய எடு" என்றாள் பூவாத்தாள். அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

பழனியம்மாள் விரல்களை உள்ளே விட்டுத் தடவினாள். பிள்ளையின் தோள் தாயின் இடுப்பு முன்னெலும்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது.

"மாப்பள, இங்க வாங்க."

மயில்சாமி வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றான். "நான் எப்படிங்க அக்கா…"

"வெக்கப்பட்டு நின்னீங்கன்னா ரண்டு பேரையும் தூக்கிட்டுப் போகோணும். வந்து இவ முழங்காலை நெஞ்சோட சேத்து அமுக்கிப் புடிங்க."

அவன் ஏறினான். கண்ணை மூடிக்கொண்டு பிடித்தான். அப்படியும் தோள் நழுவவில்லை. குழந்தையின் உதடு கறுத்துவிட்டது. பழனியம்மாளின் விரல் அந்தத் தோளையே சுற்றிச் சுற்றி வந்தது. கழுத்துக்கடியில் ஈர்க்குச்சிபோல ஓர் எலும்பு தட்டுப்பட்டது. தோளை விரித்துப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான் என்று அந்த நேரத்தில் அவளுக்குப் பட்டது. யோசிக்க அவகாசம் இல்லை. கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

ஒடிந்த சத்தம் காதில் கேட்கவில்லை, விரலில் கேட்டது. தோள் குடை மடங்குவதுபோல் மடங்கியது. மறுகணம் பிள்ளை முழுதுமாக அவள் மடியில் வந்து விழுந்தது.

அழவில்லை. பழனியம்மாள் அதன் வாயில் வாயை வைத்துச் சளியை உறிஞ்சித் துப்பினாள். முதுகைத் தேய்த்தாள். உள்ளங்காலில் அடித்தாள். மயில்சாமி ஓடையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். எத்தனை நேரம் என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் பூனைக்குட்டி முனகுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. பெண் குழந்தை.

இடது கையை அது ஆட்டியது. வலது கை தோளிலிருந்து துணிபோல் தொங்கியது.

"அந்தக் கை ஏன்க்கா அப்படி இருக்குது?" என்று கேட்டாள் பூவாத்தாள்.

"நாந்தான் கண்ணு எலும்ப ஒடிச்சேன். வேற வழி தெரியல."

பூவாத்தாள் குழந்தையை வாங்கித் தன் பக்கம் அணைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் தண்ணீர் வடிந்தது. மறுநாள் கரி பஸ்ஸில் சேலம் போய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். டாக்டரம்மா குழந்தையின் தோளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பழனியம்மாளின் கழுத்துக்கடியில் விரலை வைத்தாள்.

"இது காறை எலும்பு. கையை நெஞ்சோட சேர்க்கிற எலும்பு இது ஒண்ணுதான். இது முறிஞ்சதாலதான் தோள் சுருங்கி வெளியே வந்திருக்கு, இல்லேன்னா குழந்தை இல்லை. பச்சை எலும்பு, தானே கூடிடும்."

பழனியம்மாளுக்குக் கண்ணீர் பொங்கி வந்தது. "அப்ப கை சரியாப் போயிருங்களா?"

டாக்டரம்மா குழந்தையின் கையைத் தூக்கி விட்டாள். அது உள்ளங்கை பின்பக்கம் திரும்பியபடி விழுந்தது. விரல்கள் மட்டும் மூடித் திறந்தன. "கை தூக்காததுக்கு அது மட்டும் காரணமில்லை. கழுத்திலிருந்து கைக்குப் போற நரம்பு இழுபட்டிருக்கு. தலையைப் பிடிச்சு இழுத்தீங்களா?"

"ஆமாங்க."

டாக்டரம்மா குழந்தையின் கையை மெல்லத் துணிக்குள் எடுத்து வைத்தாள். "பயத்துல யாரா இருந்தாலும் இழுத்திருப்பாங்க. பொறுத்துத்தான் பார்க்கணும்."

பூவாத்தாள் கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா சொன்னபடியே எலும்பு கூடியது. புளியங்கொட்டை அளவுக்கு ஒரு முடிச்சு விழுந்து, நாளாவட்டத்தில் அதுவும் கரைந்தது. கை எழவில்லை. அடுத்த தெருவிலிருந்த பழனியம்மாள் தினமும் காலையில் வந்து வாசலில் நிற்பாள். ஒருநாள் குழந்தையை எடுக்கக் கை நீட்டியபோது பூவாத்தாள் சொன்னாள்: "நீ தொடாத. இன்னொரு கையும் போயிரும்."

அன்று பழனியம்மாள் பருத்திக் காட்டுக்குப் போய் வரப்பில் உட்கார்ந்தவள் உச்சி வெயில் வரை எழுந்திருக்கவில்லை. ஒடித்ததற்குத்தான் அவள் இத்தனை நாள் பதறியிருந்தாள். ஒடித்தது உயிர் கொடுத்தது. ஒடிப்பதற்கு முன் இழுத்தது கையைக் கெடுத்தது. முதலிலேயே ஒடித்திருக்கலாமே என்று நினைத்து, அப்படி நினைக்க முடிகிற தன்னைக் கண்டே பயந்தாள். ஆனாலும் மறுநாள் காலையில் போய் நின்றாள். அதற்கு மறுநாளும்.

மாசி மாதம் ஒரு காலை, உள்ளேயிருந்து பூவாத்தாளின் குரல் கேட்டது. "அக்கா, ஊட்டுக்குள்ள வா."

குழந்தை துணியில் மல்லாந்து கிடந்தது. வலது முழங்கை மடங்கி, நடுங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. வாய்க்குக் கிட்டே வந்து தவறி விழுந்தது. மறுபடியும் வந்தது. இந்தத் தடவை விரல் உதட்டில் பட்டது. அக்காளும் தங்கையும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நேத்துல இருந்து இப்படிப் பண்றா" என்றாள் பூவாத்தாள். குழந்தையைத் தூக்கி அக்காள் கையில் கொடுத்தாள். "புடி. அடுப்புல பால் பொங்குது."

அந்தக் கை பிறகு தோள் உயரம் வரை வந்தது. அதற்குமேல் வரவேயில்லை. பெருமாயி என்று பேர் வைத்த அந்தப் பெண், உறியில் இருப்பதை இடது கையால்தான் எடுப்பாள். அதைப் பார்க்க நேரும்போதெல்லாம் பழனியம்மாள் வேறு ஏதோ வேலை இருப்பதுபோல் எழுந்து போய்விடுவாள்.